வெற்றியை யார் பெயரில் எழுதுகிறீர்கள்? பணியிடத்தில் இம்போஸ்டர் உணர்விலிருந்து மீள ஒரு முழுமையான வழிகாட்டி

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். மடியில் எந்தக் கனமும் இல்லாமல், யாரையும் ஏமாற்றாமல், ஒழுங்காக வேலை செய்து அதற்குரிய ஊதியத்தை மட்டுமே வாங்குகிற ஒருவர், ‘என்றைக்காவது என் சாயம் வெளுத்துவிடும்’ என்ற பயத்தோடு ஆண்டுக்கணக்கில் அலுவலகம் போய்வருவது அந்தப் பழமொழிக்குள் அடங்காத விந்தை. பதவி உயர்வு வந்தால் மகிழ்ச்சிக்கு முன்னே கலக்கம் வருகிறது. பாராட்டு வந்தால், இவர்களை இன்னும் ஒருமுறை ஏமாற்றிவிட்டோம் என்ற எண்ணம் எழுகிறது. கூட்டத்தில் ஒரு கேள்வி தன் பக்கம் திரும்பினால், இதோ பிடிபட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இம்போஸ்டர் (போலியாக நடிப்பவர்) சிண்ட்ரோம் என்று இன்று பரவலாக அழைக்கப்படுவது இந்த மனநிலைதான்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் ‘உங்களை நம்புங்கள்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த அறிவுரை எடுபடாமல் போவதற்குக் காரணம் உண்டு. இந்த உணர்வு உள்ளவரிடம் குறைவாக இருப்பது நம்பிக்கை என்பதைவிட, நேர்மையான கணக்கு என்பதே பொருத்தம். வரவெல்லாம் அதிர்ஷ்டத்தின் பேரிலும் பிறர் தயவின் பேரிலும் எழுதப்பட்டு, செலவெல்லாம் தன் பேரில் மட்டுமே எழுதப்படும் பேரேட்டில், எத்தனை வெற்றி வந்து சேர்ந்தாலும் மீதி சுழியாகவே நிற்கும். ஆகவே இந்த வழிகாட்டி உணர்வை நேரடியாக மாற்ற முயல்வதில்லை. கணக்கெழுதும் முறையை மாற்றச் சொல்கிறது. உணர்வு பின்னால் வரும், சற்றுத் தாமதமாகத்தான்.

பெயரும் பின்னணியும்

1978ஆம் ஆண்டில் பாலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்னும் இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். 150க்கும் மேற்பட்ட பெண்களோடு பணியாற்றியதில் அவர்கள் கண்டது இதுதான்: முனைவர் பட்டம் பெற்றவர்களும், தத்தம் துறையில் மதிக்கப்பட்டவர்களும், படிப்பில் முன்னணியில் நின்ற மாணவிகளும், தங்களுக்குக் கிடைத்ததெல்லாம் தேர்வுக்குழுவின் கவனக்குறைவாலோ அதிர்ஷ்டத்தாலோ வந்தது என்று உளமார நம்பினார்கள். அவ்விருவரும் இதற்கு ‘நிகழ்வு’ என்று பொருள்படும் சொல்லைத்தான் வைத்தார்கள்; நோய்க்குறிகளின் தொகுப்பு என்று பொருள்படும் ‘சிண்ட்ரோம்’ பிற்பாடு பொதுவழக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடும் மனநோய் வகைப்பாட்டில் இதற்கு இடமில்லை. இதை வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளிவிட முடியாது. நோய் என்று எண்ணுகிறவர் குணமாகும் நாளுக்காகக் காத்திருப்பார். பழக்கம் என்று அறிந்தவர் இன்றே ஒன்றை மாற்றிப் பார்ப்பார்.

இது பெரும்பாலும் பெண்களிடமே காணப்படுவது என்ற தொடக்ககாலக் கணிப்பும் நிலைக்கவில்லை. 62 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 14,161 பேரின் தரவுகளோடு ஒருசேரப் பரிசீலித்து 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இந்த உணர்வு ஆண்களிடமும் பெண்களிடமும், பல வயதினரிடமும் இருப்பதைக் காட்டியது. ஆனால் எத்தனை பேரிடம் என்ற கேள்விக்கு ஆய்வுக்கு ஆய்வு விடை மாறியது: 9 விழுக்காடு முதல் 82 விழுக்காடு வரை. எந்த வினாப்பட்டியலைக் கொண்டு அளந்தார்கள், எந்த மதிப்பெண்ணை எல்லைக்கோடாக வைத்தார்கள் என்பதைப் பொறுத்து எண் இப்படி ஏறி இறங்குகிறது. ஆகவே இத்தனை விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது என்று அடித்துச் சொல்லும் ஒற்றை எண் எங்கேனும் கண்ணில் பட்டால், சற்று ஐயத்தோடு படியுங்கள். இந்த உணர்வுக்கென்றே ஒரு சிகிச்சையைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்றுகூடத் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் அந்தத் தொகுப்பாய்வு பதிவுசெய்தது. எனவே கீழே வரும் படிகளை மருந்துச் சீட்டாகக் கொள்ள வேண்டாம். எண்ணங்களையும் நடத்தையையும் சோதித்துப் பார்க்கும் உளவியல் முறைகளிலிருந்தும், பணியிடத்தில் கண்டவற்றிலிருந்தும் எடுக்கப்பட்ட நடைமுறைகள் இவை.

முதல் படி: மூன்றில் எது என்று பிரித்தறியுங்கள்

‘நான் இந்த இடத்துக்குத் தகுதியானவர் அல்லர்’ என்ற எண்ணம் மூன்று வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வரலாம். மூன்றும் உள்ளுக்குள் ஒரே மாதிரிதான் வலிக்கும். ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. பலர் இந்தப் படியைத் தாண்டிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள் என்பதால் இதில் சற்று நிற்பது நல்லது.

முதலாவது, உண்மையான திறன் குறைவு. வேலைக்குத் தேவையான ஒன்று உங்களுக்கு இன்னும் கைவரவில்லை. அதை நீங்கள் உணர்ந்திருக்கிறீர்கள். இது தன்னறிவு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது, இடத்தின் குறை. கூட்டத்தில் நீங்கள் சொன்ன கருத்து கவனிக்கப்படாமல் போய், பத்து நிமிடம் கழித்து அதையே வேறொருவர் சொல்லும்போது வரவேற்கப்படுகிறது; உங்கள் பாலினத்தையோ பின்புலத்தையோ பேச்சு வழக்கையோ வைத்து உங்களை எடைபோடுகிறார்கள்; பயிற்சி தராமலே பொறுப்பை மட்டும் தலையில் கட்டுகிறார்கள். அங்கே எழும் ஐயம் உங்கள் மனத்தின் பிழை அன்று, சூழலைச் சரியாகப் படித்ததன் விளைவு. பாகுபாட்டால் விளைந்த தயக்கத்துக்கெல்லாம் ‘இம்போஸ்டர்’ என்று பெயர் சூட்டி, திருத்த வேண்டிய பொறுப்பைப் பாதிக்கப்பட்டவரின் தலையிலேயே ஏற்றுவது தவறு என்ற விமர்சனம் 2021 முதல் வலுவாக முன்வைக்கப்பட்டு வருகிறது. என் பார்வையில் அது நியாயமானது. மூன்றாவதுதான் நம் பொருள்: திறனும் இருக்கிறது, அதற்குச் சான்றும் இருக்கிறது, சுற்றியிருப்பவர்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்; ஏற்காதவர் நீங்கள் ஒருவர்தான்.

பிரித்தறிய ஒரு தாளில் உங்கள் பணிக்கு உண்மையில் தேவைப்படும் ஆறு அல்லது ஏழு திறன்களை எழுதுங்கள். பணி விளம்பரத்தில் இருந்ததை அப்படியே நகலெடுக்காதீர்கள். கடந்த மூன்று மாதங்களில் உங்கள் நாட்களை நிரப்பியவை எவையோ அவற்றை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை நீங்கள் செய்ததற்கு வெளியாள் ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ளக்கூடிய சான்று ஏதேனும் இருந்தால் குறியுங்கள். ஒரு திறனுக்குச் சான்றே இல்லையென்றால் அது முதல் வகை; அதைக் கற்பதற்கு ஒரு தேதியும் ஒரு வழியும் குறித்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. சான்று இருந்தும் மற்றவர் ஏற்க மறுக்கிறார்கள் என்றால் அது இரண்டாம் வகை. அதற்குச் சக ஊழியர்களின் துணை, எழுத்துப்பூர்வமான பதிவு, தேவைப்பட்டால் வேறு குழுவோ வேறு வேலையோ தேடுவது என்று பாதை வேறு. சான்றும் இருக்கிறது, மற்றவர்களும் ஏற்கிறார்கள், மனம் மட்டும் அடம்பிடிக்கிறது என்றால் மேலே படியுங்கள். பலரிடம் மூன்றும் கலந்தே இருக்கும். அப்போதும் எது எவ்வளவு என்று தெரிந்துகொள்வதே பாதிச் சுமையைக் குறைத்துவிடும்.

கிளான்ஸ் பின்னாளில், 1980களில், இதற்கென ஓர் அளவுகோலையும் உருவாக்கினார். 20 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 20க்கும் 100க்கும் இடையில் அமையும். எண் கூடக்கூட உணர்வின் தீவிரம் கூடுகிறது என்று பொருள். விருப்பமிருந்தால் செய்து பார்க்கலாம். ஆனால் அது நோயைக் கண்டறியும் சோதனை இல்லை. ஆறு மாதம் கழித்து மீண்டும் செய்து ஒப்பிடுவதற்கே அது அதிகம் பயன்படும்.

இரண்டாம் படி: உங்கள் சுழற்சியைக் கண்டுகொள்ளுங்கள்

இந்த உணர்வு ஒரு வட்டமாகச் சுழல்கிறது என்று கிளான்ஸ் விவரித்தார். ஒரு வேலை கொடுக்கப்படுகிறது. உடனே பதற்றம் பிறக்கிறது. அந்தப் பதற்றத்தை மனிதர்கள் இரண்டு விதமாகக் கையாளுகிறார்கள். ஒருவர் தேவைக்கு மேல் பலமடங்கு தயாராகிறார். மற்றொருவர் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டுவிட்டு, பிறகு இரவு பகலாக முடிக்கிறார். வேலை நன்றாகவே முடிகிறது. சிறிது நேரம் நிம்மதி. அதன் பிறகுதான் கணக்கு தவறாக எழுதப்படுகிறது. அதிகம் தயாரித்தவர், ‘இவ்வளவு பாடுபட்டால் யாராலும் முடியும், இது திறமை ஆகுமா?’ என்கிறார். தள்ளிப்போட்டவர், ‘ஏதோ நல்ல நேரம், தப்பித்துவிட்டேன்’ என்கிறார். இருவர் பேரேட்டிலும் வரவு ஏறவில்லை. அடுத்த வேலை வரும்போது அதே பதற்றம், அதே சடங்கு. இம்முறை ‘சென்ற தடவை அப்படிச் செய்ததால்தான் பிழைத்தோம்’ என்ற மூடநம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முக்கியமான வேலைக்கும் மூன்று வரி எழுதுங்கள்: வேலை வந்தபோது மனத்தில் ஓடிய வாக்கியம், அதற்கு நீங்கள் செய்தது, முடிந்த பிறகு உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்ட விளக்கம். மனத்தில் ஓடியதைச் செப்பனிடாமல் அப்படியே எழுதுவது முக்கியம். இரண்டு வாரத்தின் முடிவில் படித்துப் பார்த்தால், வேலைகள் வெவ்வேறாக இருந்தும் மூன்றாம் வரி ஏறக்குறைய ஒரே வாக்கியமாக இருப்பதைக் காண்பீர்கள். சான்றுகளைப் பார்த்து எட்டிய முடிவு என்றால் சான்றுக்குத் தக்கபடி மாறியிருக்க வேண்டும். எது நடந்தாலும் மாறாத தீர்ப்பு, விசாரணைக்கு முன்பே எழுதப்பட்ட தீர்ப்பு.

மூன்றாம் படி: பேரேட்டைத் திருத்தி எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை, இருபது நிமிடம் ஒதுக்கி, அந்த வாரத்தில் நடந்த ஒன்று அல்லது இரண்டு வேலைகளை நான்கு பகுதிகளாக எழுதுங்கள்: நிலைமை என்ன, நீங்கள் எடுத்த முடிவு அல்லது செய்த செயல் என்ன, அதனால் விளைந்தது என்ன, அதற்குச் சான்று எங்கே இருக்கிறது. ‘இந்த வாரம் நன்றாக வேலை செய்தேன்’ என்பது பதிவாகாது. பதிவு என்பது இப்படி இருக்கும்: ‘மாத அறிக்கை அனுப்பும் முன், இரண்டு கோப்புகளின் கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை என்பதைக் கவனித்தேன். விற்பனைப் பிரிவிடம் கேட்டு, இருமுறை பதிவான உருப்படிகளை நீக்கினேன். திருத்திய அறிக்கை குறித்த நாளிலேயே போனது. மேலாளரின் 14ஆம் தேதி மின்னஞ்சல்.’ இதில் பெருமையடிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பெருமைப்படத் தெரியாதவர்களுக்கும் இது கைவரும் என்பதே இந்த முறையின் வசதி.

எழுதும்போது கை இரண்டு இடங்களில் தயங்கும். முதல் தயக்கம், ‘இது அதிர்ஷ்டம்தானே?’ என்பது. அதிர்ஷ்டத்தை முழுக்க மறுக்க வேண்டியதில்லை. எந்த வெற்றியிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைத் தனி வரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில், அந்த வாய்ப்பு வந்தபோது நீங்கள் செய்தது என்ன, அதே வாய்ப்பு இருந்தும் அது நடக்காமல் போயிருக்கக்கூடிய வழிகள் எவை என்று எழுதுங்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுவது ஒருமுறை தற்செயல். ஐந்து ஆண்டுகளாக மாதந்தோறும் அதே காக்கை உட்கார உட்காரப் பழம் விழுகிறதென்றால், எந்தக் குலை கனிந்திருக்கிறது என்று அந்தக் காக்கைக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இரண்டாவது தயக்கம் இன்னும் நுட்பமானது: ‘இது எளிதாகத்தானே இருந்தது, இதில் என்ன இருக்கிறது?’ உங்களுக்கு எளிதாக வருவது எல்லோருக்கும் எளிதாக வரும் என்று கருதுவது திறமையாளர்களிடம் காணப்படும் குறிப்பான பிழை. 1999இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் குரூகர், டேவிட் டன்னிங் இருவரும் வெளியிட்ட ஆய்வு, திறன் குறைந்தவர்கள் தம்மை மிகையாக மதிப்பிட்டுக்கொண்டதற்காகவே பெயர்பெற்றது. அதே ஆய்வின் மறுபாதியை அதிகம் பேர் பேசுவதில்லை: சோதனைகளில் மேல் கால்பகுதியில் வந்தவர்கள், மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தங்கள் இடத்தைக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். தங்கள் விடைகளைப் பற்றி அவர்களுக்குப் பெரிய குழப்பம் இருக்கவில்லை. மற்றவர்களும் அதே அளவு நன்றாகச் செய்திருப்பார்கள் என்ற அனுமானத்தில்தான் தவறினார்கள். ஆகவே ‘எளிதாக இருந்தது’ என்று தோன்றும் பதிவுகளின் ஓரத்தில் ஒரு குறியிட்டு வையுங்கள். உங்களிடம் சக ஊழியர்கள் எதற்காக அடிக்கடி வந்து நிற்கிறார்கள் என்பதையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். உங்கள் மதிப்பு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கும்.

கூட்டு முயற்சியில் பதிவு எழுதுவது எப்படி என்று பலர் கேட்பார்கள். குழுவின் விளைவைக் குழுவின் விளைவாகவே எழுதுங்கள். செயல் என்ற பகுதியில் மட்டும் உங்கள் கை பட்ட இடத்தைச் சொல்லுங்கள். ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் பிறர் உழைப்பை விழுங்குவது எவ்வளவு பொய்யோ, தன் உழைப்பைப் புதைப்பதும் அவ்வளவு பொய்.

நான்காம் படி: பாராட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள்

ஒருவர் பாராட்டும்போது ‘அய்யோ, அதில் ஒன்றுமில்லை, எல்லாம் குழுவினர் செய்தது’ என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. நிறைகுடம் தளும்பாது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பண்பாகவே படும். அடக்கம் நல்லதுதான், ஆனால் தளும்பாமல் இருப்பது வேறு, குடத்தில் தண்ணீரே இல்லை என்று சத்தியம் செய்வது வேறு. இந்த மறுப்பில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது: பாராட்டுகிறவர் யோசித்துச் சொன்ன மதிப்பீட்டைத் தவறு என்று நீங்கள் அவர் முகத்துக்கு நேரே சொல்கிறீர்கள். இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால் அவர் நிறுத்திக்கொள்வார். பிறகு, பாராட்டே வரவில்லை என்பதும் உங்கள் தகுதியின்மைக்குச் சான்றாகிவிடும்.

மாற்று மிக எளியது. ‘நன்றி. குறிப்பாக அந்த மூன்றாம் பகுதிக்கு நிறைய நேரம் எடுத்தது. அது பயன்பட்டது என்று கேட்க மகிழ்ச்சி’ என்று சொல்லி நிறுத்துங்கள். நன்றியோடு உண்மையான ஒரு விவரம், அவ்வளவே. குழுவினருக்கும் பங்கு இருந்தால் அவர்கள் பெயரைச் சேர்த்துச் சொல்லலாம், உங்கள் பெயரை அழிக்காமல். ‘நன்றாக இருந்தது’ என்ற பொதுவான பாராட்டு மனத்தில் ஒட்டாது. ஆகவே ‘எந்தப் பகுதி உதவியாக இருந்தது என்று தெரிந்தால் அடுத்த முறையும் அதைத் தொடர்வேன்’ என்று கேட்பதில் தவறில்லை. கிடைக்கும் விடையை அன்றே பேரேட்டில் ஏற்றிவிடுங்கள்.

ஐந்தாம் படி: தயாரிப்பைக் குறைத்துச் சோதித்துப் பாருங்கள்

எழுதுவதால் மட்டும் மனம் நம்பிவிடாது. ‘இவ்வளவு பாடுபட்டதால்தான் பிழைத்தேன்’ என்ற நம்பிக்கையை உடைக்க, அந்த உழைப்பைக் குறைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

நான் முதன்முதலில் ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்ற காலத்தில், எட்டுப் பக்க அறிக்கை ஒன்றுக்கு முப்பது பக்கப் பின்னிணைப்பைத் தயாரித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். எந்தக் கேள்வி வந்தாலும் அதில் விடை இருக்கும் என்று ஒரு தைரியம். கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. பின்னிணைப்பை ஒருவரும் திறக்கவில்லை. அந்த முப்பது பக்கம்தான் என்னைக் காப்பாற்றியது என்று அதன் பிறகும் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். திறக்கப்படாத பக்கங்கள் எப்படிக் காப்பாற்றும் என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை.

சோதனைக்கு, விளைவு சற்றுக் குறைந்தாலும் யாருக்கும் தீங்கு வராத வேலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உயிர்ப் பாதுகாப்போ, சட்டப் பொறுப்போ, பெருந்தொகையோ சம்பந்தப்பட்ட வேலையில் இதைச் செய்யக் கூடாது. வழக்கமாக ஆறு மணி நேரம் எடுக்கும் உள்குழு விளக்கவுரைக்கு மூன்றரை மணி நேரம் என்று எல்லை வையுங்கள். தொடங்கும் முன் உங்கள் கணிப்பை எழுதுங்கள்: என்ன தவறு நடக்கும், யார் என்ன சொல்வார்கள், அப்படி நடக்க எத்தனை விழுக்காடு வாய்ப்பு. நேரம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். வேலை முடிந்த மறுநாள், நடந்ததைக் கணிப்புக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு சோதனையில் மனம் மாறாது; ஐந்தாறு சோதனைகளின் வரிசையைப் பார்த்தால், பயம் எத்தனை முறை தவறாகக் கணித்தது என்பது கண்ணுக்குத் தெரியும். எங்கே நேரத்தைக் குறைத்தால் தரம் உண்மையிலேயே விழுகிறது என்பதும் தெரியவரும். அந்த வேலைகளுக்குப் பழைய நேரத்தையே கொடுங்கள்.

தள்ளிப்போடுகிறவர்களுக்குச் சோதனை தலைகீழாக அமையும். வேலை வந்த அன்றே இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கி, மோசமான முதல் வரைவு ஒன்றை வேண்டுமென்றே எழுதி, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அரைகுறையாகவே காட்டுங்கள். ‘நேரம் இல்லாததால்தான் இப்படி’ என்ற சாக்கு இல்லாமல் தன் வேலையைப் பிறர் பார்ப்பதுதான் அவர்கள் உண்மையில் அஞ்சுவது. அந்த அச்சத்தைச் சிறிய அளவில் எதிர்கொள்வதே இங்கே பயிற்சி.

ஆறாம் படி: ‘தெரியாது’ என்று சொல்லவும், பிழையை அதன் அளவுக்கு மட்டும் எழுதவும் பழகுங்கள்

தன்னைப் போலி என்று எண்ணுகிறவருக்குத் ‘தெரியாது’ என்பது வாக்குமூலம்போலத் தோன்றும். அனுபவமுள்ளவர்களைக் கவனித்தால் அவர்கள் அதைச் சாதாரணமாகச் சொல்வதைக் காணலாம். ஆனால் வெறுமனே சொல்லி நிறுத்துவதில்லை. ‘இந்தப் பகுதி எனக்குத் தெரியாது, அந்தக் குழுவிடம் கேட்டு நாளை மதியத்துக்குள் சொல்கிறேன்’ என்பதில் அறியாமையின் எல்லை, விடை கிடைக்குமிடம், நாள் ஆகிய மூன்றும் இருக்கின்றன. கேட்பவருக்கு உங்கள்மீது நம்பிக்கை குறைவதற்குப் பதில் கூடவே செய்கிறது, ஏனெனில் அடுத்த முறை நீங்கள் ‘தெரியும்’ என்று சொன்னால் அதை நம்பலாம் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

பிழை நேர்ந்தால், பேரேட்டின் அதே நான்கு பகுதிகளைப் பயன்படுத்துங்கள். வெற்றியில் சூழ்நிலையின் பங்கை எழுதினீர்கள் அல்லவா? பிழையிலும் அதை எழுத வேண்டும்: காலக்கெடு, கிடைக்காத தகவல், இருவர் சரிபார்க்க வேண்டிய இடத்தில் ஒருவரே இருந்தது. உங்கள் பங்கை மறைக்காமல், மிகைப்படுத்தாமல், ‘நான் கவனக்குறைவானவன்’ என்ற குணத் தீர்ப்பாக மாற்றாமல், ‘அனுப்பும் முன் இரண்டாம் பக்கத்தைச் சரிபார்க்கவில்லை’ என்று செயலாக எழுதுங்கள். செயலைத் திருத்தலாம், குணத் தீர்ப்பை வைத்துக்கொண்டு வருந்தத்தான் முடியும்.

மற்றவர்கள் உங்கள் பிழையை எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதிலும் மிகைக்கணிப்பு உண்டு. தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அணியச் சங்கடமான ஒரு பாடகரின் படம் அச்சிட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு அணிவித்து, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் படத்திலிருப்பவரைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் எண்ணினார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசி அளவுதான். கூட்டத்தில் நாக்குக் குழறியதை நினைத்து இரவில் விழித்திருக்கும்போது இது நினைவுக்கு வரட்டும்.

ஏழாம் படி: ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்

இந்த உணர்வு நீடிப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் அதன் இரகசியத்தன்மை. உங்கள் தயக்கத்தை உள்ளிருந்து பார்க்கிறீர்கள். மற்றவர்களின் நிதானத்தை வெளியிலிருந்து பார்க்கிறீர்கள். ஒவ்வொருவரும் தன் உள்ளைப் பிறர் முகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டு அமைதியாக இருந்தால், அறையில் உள்ள எல்லோரும் தான் ஒருவர் மட்டுமே போலி என்று நம்பிக்கொண்டிருக்க முடியும். கிளான்ஸும் ஐம்ஸும் தங்கள் முதல் கட்டுரையிலேயே குழுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது இதனால்தான்: பிறர் வாயிலிருந்து அதே வாக்கியம் வரும்போது அதன் அபத்தம் உடனே தெரிகிறது.

யாரிடம் சொல்வது என்பதில் கவனம் வேண்டும். உங்கள் மதிப்பீட்டை எழுதும் மேலாளரிடம் முதல் பேச்சிலேயே கொட்டிவிட வேண்டியதில்லை. உங்கள் வேலையின் நுணுக்கம் தெரிந்த, ஆனால் உங்கள்மேல் அதிகாரம் இல்லாத, சற்று மூத்த ஒருவர் பொருத்தமானவர். ‘எனக்குத் தகுதி இருக்கிறதா?’ என்று கேட்டால் ஆறுதல்தான் கிடைக்கும். அரைநாளில் அது கரைந்துவிடும். ‘இந்தப் பொறுப்பில் முதல் ஆண்டில் உங்களுக்கு எது கடினமாக இருந்தது?’ என்று கேளுங்கள்.

எட்டாம் படி: உங்கள் மதிப்பை வெளியில் சொல்லுங்கள்

தன்னைக் குறைத்து மதிப்பிடுவது மனத்தோடு நின்றுவிடுவதில்லை. சம்பளம், பதவி, வேலைப்பளு ஆகியவற்றில் வந்து விடிகிறது. இதுவரை எழுதிய பேரேடு இங்கேதான் கைகொடுக்கும்.

ஆண்டு மதிப்பீட்டுக்கான சுயமதிப்பீட்டைக் காலிப் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். காலிப் பக்கத்தின் முன் அமர்ந்தால் நினைவுக்கு வருபவை பிழைகளாகவே இருக்கும். ஆண்டு முழுவதும் எழுதிய பதிவுகளிலிருந்து, நிறுவனத்துக்கு முக்கியமான நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து, செயலையும் விளைவையும் எண்ணோடு சொல்லுங்கள். எண் இல்லாத இடத்தில் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். ‘உதவினேன்’, ‘பங்கேற்றேன்’ போன்ற மங்கலான வினைகள் வந்தால் நிறுத்தி, உண்மையில் செய்தது வடிவமைத்ததா, எழுதியதா, சரிபார்த்ததா, முடிவெடுத்ததா என்று கேட்டு, அந்த வினையைப் போடுங்கள்.

ஊதியப் பேச்சுக்கு முன் உங்கள் பணிக்கும் அனுபவத்துக்கும் சந்தையில் என்ன தருகிறார்கள் என்று விசாரித்து, ஒரு தொகையை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இந்த உணர்வு உள்ளவர்கள் பேச்சின் நடுவே தங்களுக்கு எதிராகவே பேரம் பேசுவார்கள்: தொகையைச் சொன்ன மறுநொடியே, எதிரில் இருப்பவர் வாய் திறப்பதற்குள், ‘ஆனால் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை’ என்பார்கள். தொகையைச் சொல்லுங்கள், காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள், பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் பத்து நொடி நீடித்தாலும் பத்து நிமிடமாகத் தோன்றும். வீட்டில் ஒருவரை எதிரே உட்காரவைத்து இதை உரக்கப் பழகுவது வேடிக்கையாகத் தோன்றினாலும் பயன் தரும்.

அடுத்த நிலைப் பணிக்கு விண்ணப்பிக்கத் தயங்குகிறீர்கள் என்றால், முதல் படியில் செய்த திறன் பட்டியலை அந்தப் பணிக்கு எழுதிப் பாருங்கள். எல்லாத் திறனும் முன்பே இருக்கும் பணியில் நீங்கள் கற்க ஒன்றுமில்லை. அடிப்படையானவை இருந்து, ஒன்றிரண்டு குறைந்தால் விண்ணப்பியுங்கள். தகுதியில்லை என்று சொல்வது தேர்வு செய்கிறவர்களின் வேலை, அதை அவர்களுக்காக நீங்கள் முன்கூட்டியே செய்துதர வேண்டியதில்லை.

மறுப்பதும் மதிப்பின் ஒரு பகுதியே. தன் இருப்பை நியாயப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று எண்ணுகிறவர் யாருடைய வேலையையும் மறுக்க மாட்டார். ‘இதை எடுத்தால் வெள்ளிக்கிழமைக்கான அறிக்கை திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகும், எது முதலில் வேண்டும்?’ என்று கேட்டால் மறுப்பு சண்டையாவதில்லை, முன்னுரிமை பற்றிய பேச்சாகிறது.

நீங்கள் மேலாளராக இருந்தால்

உங்கள் குழுவில் இப்படி ஒருவர் இருந்தால், ‘நீங்கள் அருமையானவர்’ என்று சொல்வதால் அவருடைய பயம் கூடவே செய்யும். ஏமாற்ற வேண்டிய உயரம் இன்னும் ஒரு படி ஏறிவிட்டதாக அவர் கொள்வார். குறிப்பிட்ட செயலையும் அதன் விளைவையும் சொல்லுங்கள். ஏன் இந்தப் பொறுப்புக்கு அவரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைக் காரணத்தோடு விளக்குங்கள். குறை சொல்லும்போது, எதிர்பார்க்கும் தரம் உயர்ந்தது என்பதையும், அதை அவர் எட்டுவார் என்று நீங்கள் கருதுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் சொந்தத் தடுமாற்றம் ஒன்றை அவ்வப்போது பகிர்ந்துகொள்வதும் குழுவின் காற்றை இலகுவாக்கும்.

எப்போது நிபுணரை நாட வேண்டும்

தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், காலையில் வேலைக்குக் கிளம்பும் எண்ணமே உடலைப் படபடக்கச் செய்தால், முன்பு பிடித்தவை எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால், பதற்றத்தைத் தணிக்க மதுவையோ மாத்திரையையோ நாடத் தொடங்கியிருந்தால், குறிப்பேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மேலே சொன்ன 2020 தொகுப்பாய்வு, இந்த உணர்வோடு மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் அடிக்கடி சேர்ந்து வருவதைக் காட்டியது. அவ்விரண்டுக்கும் நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகள் இருக்கின்றன. வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால், அன்றே ஒரு மருத்துவரையோ நெருங்கியவரையோ அணுகுங்கள்.

புதிய பொறுப்பில் மீண்டும் தலைதூக்கும்போது

இவற்றையெல்லாம் செய்து ஓராண்டு கழித்துப் பயம் நன்றாகத் தணிந்திருக்கும் வேளையில், புதிய வேலையோ பதவி உயர்வோ வந்தால் அது பழைய வலுவோடு திரும்பி வரும். உயரம் அதைப் போக்கிவிடுவதில்லை. அமெரிக்க அதிபரின் மனைவியாக எட்டு ஆண்டுகள் இருந்த மிஷெல் ஒபாமா, 2018 டிசம்பரில் லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியில் பேசியபோது, இந்த உணர்வு தன்னை இன்னும் விட்டுப் போகவில்லை என்று சொன்னார்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். புதிய பொறுப்பின் முதல் சில மாதங்களில் தெரியாதவை நிறைய இருப்பது இயல்பு. அது முதல் வகை, வெறும் அனுபவக் குறைவு. ஆகவே சேர்ந்த முதல் நாளன்று, இந்தப் பணியில் தெரியாதவை என்று தோன்றும் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, தேதியிட்டு, மடித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பிரித்து, இப்போது தெரிந்துவிட்டவற்றை ஒவ்வொன்றாக அடியுங்கள். அடிபடாமல் நிற்பவற்றுக்கு மட்டும் ஒரு நாளும் வழியும் குறித்துவிட்டு, பழைய பேரேட்டை எடுத்து, புதிய பக்கத்தில் அந்த வாரத்தின் முதல் பதிவை எழுதுங்கள்.